காதைத் தொடும் வயது

எங்கள் ஊரில் ஐம்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு மே, ஜூன் மாதத்தில்தான் பிறந்தநாள். அத்தனை தாய்மாரும் சொல்லிவைத்தாற்போல் கோடையில் பிள்ளை பெறவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும்போது ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் கணக்குப் போட்டு எழுதிக்கொண்ட தேதி அது. பிறப்புச் சான்றிதழ் யார் வைத்திருந்தார்கள்? சேர்க்க வந்த பிள்ளையிடம் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடு." தொட்டால் பதிவேட்டில் பெயர் ஏறும். எட்டவில்லையென்றால், "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்கம்மா." அழுதுகொண்டே வந்தது சிரித்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பும்.

பணிக்காலம் முழுக்க ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். இந்தக் காது சோதனையை நாட்டுப்புறத்து அறியாமை என்று சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. சின்னக் குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை. கை நீண்டு காதை எட்டுவதற்குள் பெரும்பாலும் ஐந்து முடிந்து ஆறு பிறந்துவிடும். சான்றிதழ் பொய் சொல்லும், கை சொல்லாது.

காது எட்டும்வரை அந்தப் பிள்ளை என்ன படித்தது என்பதற்கு எந்தப் பதிவேடும் கிடையாது. நம் நாட்டில் பள்ளிக்கூடங்களைப் பற்றி எடுக்கப்பட்ட பெரிய பழைய கணக்குகளில் ஒன்று, சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் கலெக்டர்களிடம் கேட்டு வாங்கியது. 1826இல் தொகுத்தபோது 12,498 பள்ளிகள், 1,88,650 மாணாக்கர்கள் என்று வந்தது. 1983இல் ஆய்வாளர் தரம்பால் அந்த ஆவணங்களைப் புத்தகமாக்கிய பிறகு மேடைதோறும் முழங்கும் எண்கள் இவை. எனக்குச் சுவையாகப் படுவது வேறொரு எண். சென்னை நகரில் மட்டும் வீட்டிலேயே படிப்பவர்கள் 26,900க்கு மேல் என்று அங்கிருந்து அறிக்கை வந்தது. அந்த நகரில் பள்ளிக்குப் போகிறவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு! மன்றோவாலேயே நம்ப முடியவில்லை, ஏதோ பிழை இருக்கும் என்று எழுதினார். ஆனாலும் உறவினரோ தனி வாத்தியாரோ வீட்டில் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் மாகாணத்தில் எங்கும் அரிதில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

அவர் பள்ளி வயது என்று எடுத்துக்கொண்டது ஐந்திலிருந்து பத்து. அதற்குக் கீழே உள்ள பொடிசுகளை எண்ண வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையும் படிப்பு ஐந்தில் தொடங்கும் என்றே சொல்கிறது. வாத்தியாரும் மற்றப் பிள்ளைகளும் வீட்டுக்கு வருவார்கள். பிள்ளையார் முன் உட்கார்த்தி, அரிசியில் விரலைப் பிடித்து எழுதவைப்பார்கள். விஜயதசமியன்று இன்றும் நாம் செய்வதுதான். அடுத்த நாள் முதல் கதை வேறு. முதலில் வருகிற பிள்ளைக்கு உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்கள், இரண்டாவதுக்கு ஒரு சுழி, அதற்குப் பின் வருகிறவர்களுக்கு வரிசைப்படி ஓரடி, ஈரடி என்று பிரம்பு ஏறிக்கொண்டே போகும். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத் தண்டனையும் இருந்தது. ஐந்து வயதுவரை அதிலிருந்து தப்பித்தது பிள்ளைகளின் புண்ணியம்.

திண்ணையில் எனக்குப் பிடித்தது மணல். சலித்த மணலைத் தரையில் பரப்பி, விரலால் 'அ' எழுதி, கையால் தடவி அழித்து, மறுபடி எழுதுவது. எழும்பூரில் ராணுவத்தாரின் அனாதைப் பிள்ளைகளுக்கான ஆசிரமத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் இப்படி எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் கொண்டுவந்தார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் புத்தகம் போட்டார். நம் மணல் 'மெட்ராஸ் முறை'யின் ஒரு பகுதியாக இங்கிலாந்துப் பள்ளிகளுக்குள் போனது அப்படித்தான்.

வீட்டுப் பாடத்துக்கு வருகிறேன். எங்கள் அப்பாயி களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார், 'லாபம்' என்பார். லாபம், ரெண்டு, மூணு. கூடவே நின்று நாங்களும் கத்துவோம். ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி: இதை எங்களை யாரும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. உழக்கில் புளியங்கொட்டையை அள்ளிப் படியில் கொட்டி விளையாடியே கைக்குப் பழகிவிட்டது. பின்னாளில் ஒன்றாம் வகுப்பில் 'பாதி' என்றால் விழிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த உழக்குதான் என் ஞாபகத்துக்கு வரும்.

இப்போது என் பேரன் பல்லாங்குழி ஆடுகிறான். வயது நாலு. குழிக்கு ஐந்து கொட்டை. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானதும் அடுத்த குழியை அள்ளுவான். ஏதாவது குழியில் நாலு சேர்ந்துவிட்டால் அது 'பசு', குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம். முதலில் ஒவ்வொரு குழியிலும் விரலை விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். இப்போது எண்ணுவதே இல்லை. என் முறை நடக்கும்போதே கண்ணால் பார்த்து, "அப்பாயி, பசு!" என்று பாய்ந்து அள்ளிவிடுகிறான். நாலை நாலாகவே பார்க்கப் பழகிவிட்டது கண். அதை ஸ்லேட்டில் சொல்லிக்கொடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் அந்தக் காலத்து வீட்டைப் புகழ்ந்துகொண்டே போகவும் முடியாது. மன்றோவின் 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் வெறும் 4,540. காது எட்டிய பிறகும் படியோடும் முறத்தோடும் நின்றுபோனவர்கள் எங்கள் அப்பாயியைப் போன்றவர்கள். சாதியால் திண்ணைப் பக்கமே போக முடியாதவர்கள் எத்தனையோ. வீடு ஐந்து வயதுவரை போதும். அதற்கு மேல் வீடே கதி என்றால் அது சிறை.

சின்னப் பிள்ளைகளுக்கென்றே கல்விமுறை வகுத்த மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். மறு வருடம் இத்தாலி போரில் இறங்கியதும் இத்தாலியர் என்பதால் ஊர் திரும்ப முடியாமல் போய், 1946வரை அவருடைய காலம் இந்தியாவிலேயே கழிந்தது. நடுவில் சில வருடங்கள் கொடைக்கானலில். அவர் கொண்டுவந்த சாமான்களில் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளும் உண்டு, குழந்தை விரலால் தடவிப் பார்த்துப் பழக. நம்மிடம் மணல் இருந்தது, அவரிடம் உப்புத்தாள். பிறகு ஊருக்கு ஊர் மாண்டிசோரி பெயர்ப்பலகை முளைத்தது. உள்ளே பார்த்தால் பெஞ்சு வரிசை, நோட்டு நிறைய 'ஏ பி சி டி', மூன்று வயதுக்கு வீட்டுப்பாடம். அந்த அம்மாள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

நர்சரி சேர்க்கைக்குக் குழந்தையையும் பெற்றோரையும் வைத்து நடத்தும் தேர்வை நிறுத்தச் சொல்லி மத்திய அரசு அமைத்த யஷ்பால் குழு 1993இலேயே எழுதியது. அது சட்டத்தில் ஏற 2009 ஆனது. அந்தக் கட்டாயக் கல்விச் சட்டமும் ஆறு முதல் பதினான்கு வயதுக்குத்தான். 2019இல் தமிழக அரசே நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது. அதைக் குறை சொல்ல மாட்டேன். காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கிடைத்தது எல்லாருக்கும் கிடைக்கட்டும் என்றுதான் செய்தார்கள்.

"ஏன் டீச்சர், நீங்களே பேரனை இன்னும் எங்கேயும் சேர்க்கலையா?" என்று தெருவில் கேட்கிறார்கள். சேர்க்கவில்லை. காலையில் கொல்லையில் மண், மதியம் பல்லாங்குழி, ராத்திரி கதை. பென்சில் இன்னும் கையில் கொடுக்கவில்லை. வீட்டில் பேசவும் விளையாடவும் பொறுமையாக ஓர் ஆள் இருந்தால் நீங்களும் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. எல்லாரும் வேலைக்குப் போகிற வீடு என்றால் பக்கத்து அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். இரண்டு வயதிலேயே சேர்த்துக்கொள்வார்கள், மதியம் முட்டையோடு சாப்பாடும் போடுவார்கள்.