டிராக்மா

பண்டைக் கிரேக்கரின் வெள்ளிக்காசு டிராக்மா. 'கையால் பற்றுதல்' என்னும் வினையிலிருந்து வந்த சொல். 'ஒரு பிடி' என்பதே அதன் பொருள். எதைப் பிடித்தார்கள்? இறைச்சி கோத்துச் சுடும் இரும்புக் கம்பியை. அதற்கு ஓபெலோஸ் என்று பெயர். காசு வருமுன் அதுவே பணம்போல் புழங்கியது. ஆறு கம்பி சேர்ந்தால் ஒரு கைப்பிடி என்பது கிரேக்கரே சொன்ன விளக்கம். ஆர்கோஸ் அருகே ஹேரா கோயில் அகழாய்வில் அப்படிப்பட்ட கம்பிக்கட்டு கிடைத்தது. வெள்ளி வந்தபோதும் கணக்கு மாறவில்லை: கம்பியின் பெயரையே ஏற்ற சிறுகாசு ஓபோல்; 6 ஓபோல், ஒரு டிராக்மா. சந்தைக்குப் போகிறவர்கள் ஓபோல் சில்லறையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது வழக்கம்.

ஏதென்ஸின் டிராக்மா சுமார் 4.3 கிராம். அந்த வெள்ளியை லாரியன் சுரங்கங்களில் அடிமைகள் வெட்டியெடுத்தார்கள். இதை விட்டுவிட்டு அக்காசின் அழகை மட்டும் பேசுவது நியாயமில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் எரெக்தியோன் கோயிலைக் கட்டிய கணக்கு கல்லில் இருக்கிறது. குடிமகன், வெளியூரான், அடிமை, எவர் வேலை செய்தாலும் நாள்கூலி பெரும்பாலும் ஒரு டிராக்மாதான். அடிமையின் கூலி எசமானுக்குப் போய்ச் சேரும்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர் வாங்கும் திர்ஹமும் இச்சொல்லின் வழிவந்ததே.