ஜப்பான் நாட்டு வானம்பாடி

ஜப்பானிய மொழியில் ‘ஹிபாரி’ என்றால் வானம்பாடி. ‘மிசோரா’ என்றால் அழகிய வானம். இவ்விரு சொற்களையும் இணைத்துப் பெயராகச் சூடிக்கொண்ட மிசோரா ஹிபாரி, 1937ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் யோகோஹாமாத் துறைமுக நகரில் ஒரு மீன் வணிகரின் மூத்த மகளாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தோ கசுவே. போரில் தோற்று, நகரங்கள் சாம்பலாகி, பசியால் வாடிய ஒரு நாடு மீண்டும் எழுந்து நின்ற வரலாற்றை அந்நாட்டு மக்கள் இவர் குரலோடு சேர்த்தே நினைவு கூர்கின்றனர்.

அக்குரல் முதலில் வெளிப்பட்டதே போரினால்தான். 1943ஆம் ஆண்டில் தந்தைக்குக் கடற்படையில் சேரும்படி அழைப்பு வந்தது. வழியனுப்பு விழாவில், மகனைப் போரில் இழந்த தாய் ஒருத்தியின் துயரைக் கூறும் பாடலை ஆறு வயது கசுவே பாடினார். கூடியிருந்தோர் கண்ணீர் விட்டனர். மகளிடம் இருப்பது வெறும் இனிய குரல் அன்று, பெரியவர்களை அழவைக்கும் ஆற்றல் என்பதை அன்னை கிமியே அன்றே கண்டுகொண்டார். அன்று முதல் தம் இறுதிக்காலம் வரை அவர் மகளின் நிழலாகவே வாழ்ந்தார். போர் முடிந்ததும் சிறு இசைக்குழு ஒன்றை அமைத்து, உள்ளூர் அரங்குகளில் எட்டு வயது மகளை மேடையேற்றினார்.

1946ஆம் ஆண்டில் என்.எச்.கே. வானொலி பொதுமக்களுக்கான பாட்டுப் போட்டியை நடத்தத் தொடங்கியது. தேர்ச்சி பெற்றவருக்கு மணி ஒலிக்கும். கசுவே பாடி முடித்தார், மணி ஒலிக்கவில்லை. பாட்டில் குறை ஏதுமில்லை, ஆனால் அது குழந்தை பாடும் பாட்டாக இல்லை என்பதே நடுவர்கள் கூறிய காரணம். காதலையும் பிரிவையும் பாடுவது ஒரு சிறுமிக்குத் தகுமா என்ற கேள்வி அன்று எழுந்தது. நெடுங்காலம் அது அவரை விடவில்லை. ஆயினும் புகழ்பெற்ற இசையமைப்பாளர் கோகா மசாவோ அச்சிறுமியின் பாட்டைக் கேட்டு வியந்து ஊக்கம் அளித்தார்.

அக்காலத்தில் அமெரிக்கப் படையினரின் ஆதிக்கத்தின்கீழ் இருந்த ஜப்பானில் ‘பூகிவூகி’ என்னும் துள்ளல் இசை பரவியிருந்தது. அதன் அரசியாக விளங்கியவர் காசாகி ஷிசுகோ. அவருடைய பாடல்களையும் அசைவுகளையும் அச்சு மாறாமல் செய்துகாட்டி ஹிபாரி கைதட்டல் பெற்றார். 1949ஆம் ஆண்டில் திரைப்படத்தில் தோன்றினார். அவ்வாண்டிலேயே கொலம்பியா நிறுவனம் அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அதே ஆண்டில் வந்த ‘கனாஷிகி குச்சிபுயே’ (சோகச் சீழ்க்கை) என்ற படம் அவரை நாடறிந்த நட்சத்திரம் ஆக்கியது. பட்டுத் தொப்பியும் ஆண்கள் அணியும் வால்கோட்டும் தரித்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி பாடிய காட்சியை ஜப்பானியர் இன்றும் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த ‘டோக்கியோ கிட்’ படத்தில் வீடிழந்து தெருவில் திரியும் பிள்ளையாக நடித்தார். போரில் பெற்றோரை இழந்த சிறுவர் ஆயிரக்கணக்கில் இரயில் நிலையங்களில் உறங்கிய காலம் அது.

அறிஞர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. பூகி பாடும் சிறுமியரைக் கண்டால் அருவருப்பு உண்டாகிறது என்ற பொருளில், கவிஞர் சாத்தோ ஹச்சிரோ 1950ஆம் ஆண்டில் நாளிதழில் எழுதினார். கவிஞரின் கோபத்தை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. ஒரு குழந்தையின் குழந்தைமையை மேடை விழுங்கிக்கொண்டிருந்ததை அவர் கண்டார். ஆனால், குழந்தைகளே குழந்தைகளாக வாழ முடியாமற் போன நாட்டில் அக்குரல் யாருக்குத் தேவைப்பட்டது என்பதை அவர் காணவில்லை. பள்ளியை விட்டு ஓடிப் பிழைப்புத் தேடிய சிறுவர்களும், கணவரை இழந்த தாய்மாரும் அரங்குகளை நிறைத்தனர். அவர்களுக்கு ஹிபாரி பொழுதுபோக்கு மட்டும் அல்லர். தங்கள் வீட்டுப் பிள்ளை.

அதே 1950ஆம் ஆண்டில் அவர் ஹவாய்க்கும் அமெரிக்காவுக்கும் சென்று பாடினார். அமெரிக்கப் படையில் சேர்ந்து போரிட்டு மடிந்த ஜப்பானிய வம்சாவளி வீரர்களின் நினைவுக்காக நிதி திரட்டுவது அப்பயணத்தின் நோக்கங்களுள் ஒன்று. தந்தையை ஜப்பானியக் கடற்படைக்கு வழியனுப்பிப் பாடிய அதே சிறுமி, ஏழாண்டுகளில் இந்நிகழ்ச்சியில் பாடினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1952ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ரிங்கோ ஒய்வாக்கே’ என்ற பாடல், ஆப்பிள் தோட்டத்து நாட்டுப்புற மணத்தைக் கொண்டது. ஏறத்தாழ 7 இலட்சம் இசைத்தட்டுகள் விற்றன. பூகியில் தொடங்கியவர், ஜப்பானியரின் மரபு மெட்டுக்குத் திரும்பி அதில் வேரூன்றினார். அவருக்கு இசைக்குறிப்புகளைப் படிக்கத் தெரியாது, கேட்டே கற்றார். எனினும் 1965ஆம் ஆண்டில் நாட் கிங் கோல் நினைவாக ஜாஸ் பாடல்களைத் தனித் தொகுப்பாகப் பாடி வெளியிட்டார்.

புகழின் மறுபக்கம் கொடியது. 1957ஆம் ஆண்டு சனவரியில், டோக்கியோவின் அசாகுசா அரங்கில், தம்மை வெறித்தனமாக விரும்பிய ஓர் இளம்பெண்ணே ஹிபாரியின் முகத்தில் அமிலத்தை வீசினார். காயம் ஆறியது, அவர் மீண்டும் பாடினார். 1962ஆம் ஆண்டில் நடிகர் கோபாயாஷி அகிராவை மணந்தார். ஈராண்டுகளில் அவ்வாழ்வு முறிந்தது. மேடையைத் துறந்து இல்லறம் நடத்த அவரால் இயலவில்லை, அன்னையும் விடவில்லை. அவ்வாண்டே அவர் பாடிய ‘யவாரா’, ஜூடோ கலையைப் போற்றும் பாடல். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்ற ஆண்டு அது. 1965ஆம் ஆண்டின் ஜப்பான் இசைத்தட்டுப் பரிசு அதற்குக் கிடைத்தது. 1966ஆம் ஆண்டில் கோகா மசாவோ இசையமைத்த ‘கனாஷிய் சாக்கே’ (துயர மது) பாடலைப் பாடும்போதெல்லாம் அவர் கன்னத்தில் கண்ணீர் வழியும். பாட்டு முடிந்ததும் முகம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இதை நடிப்பென்று எளிதில் ஒதுக்கிவிட இயலாது. சிறுவயதிலேயே நடிப்பும் வாழ்வும் ஒன்றாகிவிட்டவரிடம் இவ்விரண்டையும் பிரிப்பது எப்படி?

1973ஆம் ஆண்டில் தம்பி ஒருவர் குற்றவழக்கில் கைதானார். ‘யாக்கூசா’ எனப்படும் குண்டர் கும்பல்களோடு அவருக்கிருந்த தொடர்பைக் காட்டி, நகராட்சி அரங்குகள் பல ஹிபாரிக்கு இடம்தர மறுத்தன. தம்பியை விலக்கிவிடுமாறு கூறிய அறிவுரைகளை அவர் ஏற்கவில்லை. ஆண்டிறுதியில் நாடே கேட்கும் என்.எச்.கே. பாட்டு விழாவில் பத்தாண்டுகள் தொடர்ந்து தம் அணியின் நிறைவுப் பாடலைப் பாடியவரை, அவ்வாண்டு அழைக்கவில்லை. ஹிபாரியும் சில ஆண்டுகள் அந்நிலையத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

1981ஆம் ஆண்டில் அன்னை இறந்தார். பின் சில ஆண்டுகளுக்குள் தம்பியர் இருவரும் நாற்பத்திரண்டாம் வயதில் அடுத்தடுத்து மறைந்தனர். 1987ஆம் ஆண்டில் தொடையெலும்பின் நோயும் கல்லீரல் நோயும் அவரைப் படுக்கையில் கிடத்தின. மீண்டும் எழமாட்டார் என்றே பலரும் எண்ணினர். 1988ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், புதிதாய்த் திறக்கப்பட்ட டோக்கியோ டோம் அரங்கில் ஏறத்தாழ 50,000 பேர் முன்னிலையில் நெருப்புப்பறவைபோல் உடையணிந்து தோன்றினார். ஏறக்குறைய நாற்பது பாடல்கள் பாடினார். இறுதியில் நீண்ட நடைமேடை வழியே மெல்ல மெல்ல நடந்து சென்றார். புன்னகை மாறவில்லை; ஆனால் அரங்கின் பின்னால் மருத்துவ வண்டி காத்திருந்தது.

1989ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் பேரரசர் ஹிரோஹித்தோ மறைந்து, ‘ஷோவா’ என்னும் நெடிய காலம் முடிந்தது. நான்கு நாள் கழித்து, ஆற்றொழுக்கை வாழ்வுக்கு உவமையாக்கும் ‘காவா நோ நாகாரே நோ யோ நி’ என்ற பாடலின் இசைத்தட்டு வெளிவந்தது. பிப்ரவரி 7ஆம் நாள் கியூஷுத் தீவில் கொக்குரா நகரில் அவர் பாடியதே கடைசி மேடை. சூன் 24ஆம் நாள் தம் 52ஆம் வயதில் நுரையீரல் நோயால் காலமானார். அடுத்த மாதமே ஜப்பானிய அரசு அவருக்கு மக்கள் பெருமை விருதை வழங்கியது. அவ்விருதைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.