ஒப்பனைக் கலைஞர் (தமிழ்த் திரைப்படத்துறை)

ஒப்பனைக் கலைஞர் என்பவர் கதைமாந்தருக்கு ஏற்றவாறு நடிகரின் தோற்றத்தை உருவாக்கும் திரைப்படத் தொழில்நுட்பக் கலைஞர் ஆவார். படப்பிடிப்புத் தளங்களில் இவர் மேக்கப்மேன் என்று அழைக்கப்படுகிறார். நடிகரின் முகமே இவரது படைப்பு வெளிப்படும் இடம் என்பதால், இவரது பங்களிப்பு தனியாக அடையாளம் காணப்படுவது அரிது. இக்கலைக்கான முறையான ஏற்பும் காலம் தாழ்ந்தே கிடைத்தது.

பின்னணி

தெருக்கூத்திலும் மேடை நாடகங்களிலும் அரிதாரம், முத்துவெள்ளை முதலியன பூசப்பட்டன. அரிதாரம் என்பது ஆர்செனிக் கலந்த மஞ்சள் நிறக் கனிமம் ஆகும். நடிப்புத் தொழிலையே 'அரிதாரம் பூசுதல்' என்று கூறும் வழக்கு இதிலிருந்து தோன்றியது.

கறுப்பு-வெள்ளைப் படச்சுருளில் எல்லா நிறங்களும் சாம்பல் சாயல்களாகவே பதிவாகும். எனவே பூச்சின் நிறத்தைவிட அது ஒளியில் எவ்வாறு பதிவாகும் என்பதே முதன்மை பெற்றது. எம். ஜி. ஆரின் ஒப்பனைக் கலைஞராகப் பணியாற்றிய பீதாம்பரம் அக்காலத்தவருள் குறிப்பிடத்தக்கவர். இயக்குநர் பி. வாசு இவருடைய மகன் ஆவார்.

பணி

இத்தொழிலில் நுழைபவர் பெரும்பாலும் மூத்த கலைஞர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்து கற்கிறார். காட்சிகள் கதை வரிசைப்படி படமாக்கப்படுவதில்லை. ஆகவே ஒரு காயமோ நெற்றிப்பொட்டோ பல நாட்கள் கழித்தும் அதே இடத்தில், அதே அளவில் அமைய வேண்டும். இதற்காக ஒளிப்படங்கள் எடுத்து வைக்கப்படுகின்றன. பொய்த்தாடி, விக் பொருத்துதல், முதுமைத் தோற்றம் அளித்தல் ஆகியனவும் இப்பணியில் அடங்கும்.

செயற்கைத் தோல் ஒப்பனை

இந்தியன் (1996) திரைப்படத்தில் கமல்ஹாசனின் முதியவர் வேடத்தை அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோர் உருவாக்கினார். கமல்ஹாசன் பத்து வேடங்களில் நடித்த தசாவதாரம் (2008) படத்திலும் இவர் பணியாற்றினார். இந்தியன் படம் நடிப்பு, கலை இயக்கம், சிறப்பு விளைவுகள் ஆகியவற்றுக்குத் தேசிய விருதுகளைப் பெற்றது. ஒப்பனைக்கு அப்போது தேசிய விருதே இல்லை.

விருதுகள்

தேசியத் திரைப்பட விருதுகள் 1954 இல் தொடங்கப்பட்டன. எனினும் சிறந்த ஒப்பனைக் கலைஞருக்கான விருது 2006 ஆம் ஆண்டுத் திரைப்படங்களிலிருந்தே வழங்கப்படுகிறது. இவ்விருதைப் பெற்ற தமிழ்ப் படங்களுள் பின்வருவன அடங்கும்:

* நான் கடவுள் – வி. மூர்த்தி (2008 ஆம் ஆண்டுக்கான விருது). பாலா இயக்கிய இப்படம் அகோரித் துறவி ஒருவரையும் பிச்சைக்காரர்களையும் பற்றியது.
* வழக்கு எண் 18/9 – ராஜா (2012 ஆம் ஆண்டுக்கான விருது). பாலாஜி சக்திவேல் இயக்கிய இப்படத்தில் அமில வீச்சால் சிதைந்த பெண்ணின் முகம் ஒப்பனையால் உருவாக்கப்பட்டது.

இவ்விரு படங்களிலும் ஒப்பனை முகத்தை அழகூட்டுவதற்காக அன்றி, கதைமாந்தரின் துன்பத்தை உணர்த்துவதற்காகப் பயன்பட்டமை குறிப்பிடத்தக்கது.

பெண்களும் ஒப்பனைத் தொழிலும்

இந்தியத் திரைத்துறையில் பெண்கள் நெடுங்காலம் சிகையலங்காரத்துக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டனர். மும்பைத் தொழிற்சங்கம் ஒன்று ஒப்பனைக் கலைஞர் சாரு குரானாவுக்கு உறுப்பினர் அட்டை மறுத்ததைத் தொடர்ந்து வழக்குத் தொடரப்பட்டது. 2014 நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் இத்தடை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் வகுக்கும் சட்டம் நாடு முழுவதையும் கட்டுப்படுத்துவதால், இத்தீர்ப்பு தமிழ்த் திரைப்படத்துறைக்கும் பொருந்தும்.