புல்தரை ஓடுபாதையில் சிறு விமானப் புறப்பாட்டு விபத்து

புல் வளர்ந்த மண்தரையில் ஓடி மேலெழ முயலும் சிறு விமானம், எழ முடியாமல் ஓடுபாதையின் எல்லையைத் தாண்டுவதும், எழுந்த சில விநாடிகளில் வேகமிழந்து விழுவதும், எதிரேயுள்ள மரத்திலோ கரையிலோ மோதுவதும் இவ்வகை விபத்தில் அடங்கும். எஞ்சின் பழுதால் நேர்பவை உண்டு. எஞ்சின் சரியாக இயங்கும்போதே தூரக் கணக்குப் பிழைத்து நேர்பவையும் உண்டு. புறப்படுமுன் தாளில் கணக்கிட்டாலே பின்னவற்றைத் தவிர்க்கலாம்.

வரலாறு

1930களில் உலகின் விமானத்தளங்கள் பலவும் புல்வெளிகளே. அவற்றுள் புகழ்பெற்றது இலண்டன் குராய்டன். 1930 மே 5 அன்று விமானி ஏமி ஜான்சன் ஆஸ்திரேலியா செல்ல அங்கிருந்து ஜிப்சி மாத் விமானத்தில் புறப்பட்டார். எரிபொருள் பாரத்தால் முதல் ஓட்டத்தில் விமானம் எழவில்லை. ஓட்டத்தை நிறுத்தித் திரும்பிவந்தவர், இரண்டாம் ஓட்டத்தில் எழுந்து, மே 24 அன்று டார்வின் சேர்ந்தார். 1933 ஜூன் 8 அன்று அவரும் கணவர் ஜிம் மாலிசனும் நியூயார்க் நோக்கி அதே தளத்திலிருந்து கிளம்பியபோது, மிகுந்த எரிபொருள் சுமந்த டிராகன் விமானத்தின் சக்கரத்தாங்கி ஓட்டத்திலேயே முறிந்தது. அடுத்த மாதம் அவர்கள் வேல்ஸில் உள்ள பென்டைன் கடற்கரையின் நீண்ட மணல்வெளியிலிருந்து புறப்பட்டார்கள்.

இந்தியாவில் 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் புஸ் மாத் விமானத்தில் தபால் கொண்டுவந்தார். பம்பாயிலிருந்து அதை விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசென்றார். பம்பாயில் பயன்படுத்திய ஜுஹு மண்தளம் பருவமழையில் சேறாகிவிடும் என்பதால், அந்தச் சேவை மழைக்காலத்தில் பூனாவுக்கு மாற்றப்பட்டது.

காரணங்கள்

தார் அல்லது கான்கிரீட் தரையைவிடப் புல்தரையில் சக்கரம் உருள்வதற்கு எதிர்ப்பு அதிகம். அதனால் வேகம் மெல்லவே கூடும், ஓட்டம் நீளும். பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறு விமானிகளுக்குத் தந்துள்ள பெருக்கெண்கள், புறப்பாட்டுத் தூரம் எவ்வளவு கூடும் என்பதைக் காட்டுகின்றன:

- 20 செ.மீ. வரை வளர்ந்த உலர்ந்த புல்: 1.2
- அதே உயர ஈரப்புல்: 1.3
- மென்மையான தரை: 1.25 அல்லது அதற்கு மேல்
- விமான எடையில் 10 சதவீதக் கூடுதல்: 1.2
- வெப்பத்தில் 10 டிகிரிக் கூடுதல்: 1.1
- 2 சதவீத மேட்டுச் சரிவு: 1.1
- எழும் வேகத்தில் 10 சதவீத அளவுக்குப் பின்காற்று: 1.2

இவற்றைக் கூட்டக்கூடாது, ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். தனித்தனியே சிறிதாகத் தெரியும் காரணங்கள் சேர்ந்து ஓடுபாதையையே விழுங்கிவிடுவது இதனால்தான்.

இரண்டாவது ஆபத்து தரை விளைவு. தரைக்கு மிக அருகில் இறக்கையின் இழுவிசை குறைவதால், போதிய வேகம் வருமுன்பே விமானம் எழுந்துவிடும். அந்த நிலையில் விமானி மூக்கை மேலும் உயர்த்தினால், தரை விளைவை விட்டு மேலேறியதும் இழுவிசை கூடி, வேகம் சரிந்து, இறக்கை தூக்குவிசையை இழக்கும். விமானிகள் ஸ்டால் என்று சொல்லும் இந்த நிலை அத்தனை தாழ்வில் நேர்ந்தால், மீள உயரம் போதாது.

காஞ்சிபுரத்துக் கணக்கு

தாமல் ஏரியை ஒட்டிய வெளியில் ஒரு புல்தரை ஓடுபாதை இருப்பதாகக் கொள்வோம். செஸ்னா 152 பயிற்சி விமானம் கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், காற்றில்லாதபோது, கெட்டியான தளத்திலிருந்து முழு எடையோடு எழுந்து 50 அடி உயரத்தைக் கடக்க, அதன் கையேட்டின்படி ஏறத்தாழ 408 மீட்டர் வேண்டும். கோடைமழை பெய்த மறுநாள் வெப்பம் 35 டிகிரி என்றால் அது 494 மீட்டர் ஆகும். வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது. தூக்குவிசை, எஞ்சின் ஆற்றல், புரொப்பெல்லரின் உந்துவிசை மூன்றையும் அது குறைக்கும். ஈரப்புல்லைச் சேர்த்தால் 642 மீட்டர். பிரிட்டன் ஆணையம் பரிந்துரைக்கும் 1.33 பாதுகாப்புப் பெருக்கெண்ணையும் சேர்த்தால் 854 மீட்டர், அதாவது கையேட்டுத் தூரத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல். தரை இளகியிருந்தால் இதுவும் போதாது. எல்லையில் ஏரிக்கரையோ பனைமரமோ 50 அடிக்கு மேல் நின்றால் இன்னும் தூரம் வேண்டும்.

தடுப்பு

புறப்படுமுன் ஓடுபாதையை நடந்து பார்ப்பது முதற்கடமை. புல்லின் உயரம், ஈரம், குழி, கால்நடை, பறவை எல்லாம் கண்ணுக்குத் தெரிவது அப்போதுதான். எரிபொருளில் நீர் கலந்துள்ளதா என்று பார்ப்பதும் தவறக்கூடாது. ஓட்டத்தைக் கைவிட வேண்டிய இடத்தை முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். ஓடுபாதையின் பாதியை எட்டும்போது எழும் வேகத்தில் 70 சதவீதம் வராவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்பது விமானிகளிடையே வழங்கும் விதி. சீராக வேகம் கூடும்போது வேகத்தின் வர்க்கம் தூரத்துக்கு ஏற்ப வளர்வதே இதன் அடிப்படை. எழுந்தவுடன் எஞ்சின் நின்றால் ஓடுபாதைக்குத் திரும்ப முயலாமல், மூக்கைத் தாழ்த்தி நேர் எதிரே உள்ள வெளியில் இறங்குவதே பொதுவாக உயிர் காக்கும். சாய்ந்து திரும்பும்போது ஸ்டால் வேகம் கூடும். உயரமும் விரைவில் கரையும்.

விசாரணை

பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1951இல் ஏற்ற 13ஆம் இணைப்பின்படி, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. பழி சுமத்துவது அன்று. இந்தியாவில் இதற்கென 2012இல் விமான விபத்து விசாரணை அமைப்பு உருவாக்கப்பட்டது. புல்தரை விபத்துகளில் சக்கரத் தடத்தின் நீளமும் ஆழமும், எடைப் பட்டியலும், அன்றைய வானிலைப் பதிவும் முதன்மைச் சான்றுகள். இவை காட்டும் தரையும் எடையும் வானிலையுமே விமானி புறப்படுமுன் பார்த்திருக்க வேண்டியவை. ஆகவே ஒவ்வொரு விசாரணை அறிக்கையும் பயிற்சிக் கழகங்களில் பாடமாகப் படிக்கப்பட வேண்டும்.