நிழலில் நின்ற பெருந்தச்சர்

சண்டிகர் என்றதும் லெ கார்புசியேயின் பெயரே பலருக்கும் நினைவுக்கு வரும். நாட்டுப் பிரிவினையால் லாகூரை இழந்த பஞ்சாபிற்குத் தலைநகராக எழுந்த அந்நகரின் திட்டமும், தலைமைச் செயலகம், சட்டமன்றம், உயர்நீதிமன்றம் ஆகிய பெருங்கட்டடங்களும் அவர் படைப்புகளே. ஆயினும் அவர் அவ்வப்போது வந்து சில வாரங்கள் தங்கிச் சென்றவர். அங்கேயே குடியிருந்து நகரை உருவாக்கியவர், அவருடைய உறவுமுறைச் சகோதரரான பியர் ஜான்னரே ஆவார்.

1896இல் ஜெனீவாவில் பிறந்த ஜான்னரே, 1922 முதல் பாரிசில் கார்புசியேயுடன் இணைந்து பணியாற்றினார். புகழ்பெற்ற சவோய் மாளிகை இருவரும் சேர்ந்து அமைத்ததே. 1940இல் பிரிந்த இருவரையும் சண்டிகர் மீண்டும் இணைத்தது. 1951இல் வந்த ஜான்னரே, 1965 வரை அந்நகரை விட்டு அகலவில்லை.

அரசு ஊழியர்களுக்கான குடியிருப்புகளை அமைப்பதில் அவர் பெரும்பங்கு கொண்டார். செலவைக் குறைக்க உள்ளூர்ச் செங்கல்லையே பூச்சின்றிப் பயன்படுத்தினார். சுட்டெரிக்கும் வெயிலைத் தடுக்கவும் காற்றை வரவிடவும் சாளரத் துளைச் சுவர்களை எழுப்பினார். கடைநிலை ஊழியர் வாழும் சிறுவீட்டிற்கும் நிழலும் காற்றும் உரியவை என்பது அவ்வீடுகள் உணர்த்தும் கொள்கையாகும். பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் நீர்நிலை நடுவே மலர்போல் விளங்கும் காந்தி பவனும் அவர் கைவண்ணமே.

புதிய அலுவலகங்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் இருக்கைகள் தேவைப்பட்டன. தேக்குமரச் சட்டமும் பிரம்புப் பின்னலும் கொண்டு, விரித்த கவராயம் போன்ற கால்களுடன் நாற்காலிகளை அவர் வடிவமைத்தார். அவற்றை உள்ளூர்த் தச்சர்கள் செய்தனர். பிரம்பு காற்றோட்டம் தந்தது. தேக்கு ஈரத்தையும் பூச்சியையும் தாங்கியது.

காலப்போக்கில் அந்நாற்காலிகள் பழையன எனக் கருதப்பட்டு, உடைந்த பொருள்களாகக் குவிக்கப்பட்டு, குறைந்த விலைக்கு ஏலத்தில் போயின. அவையே பின்னர் அயல்நாட்டு ஏலக்கூடங்களில் பல இலட்சம் ரூபாய்க்கு விலைபோயின. செய்தி பரவிய பின்னரே அவற்றை மரபுச் செல்வமாகக் காக்க அரசு முனைந்தது. அதற்குள் எத்தனையோ நாற்காலிகள் கடல் கடந்துவிட்டன. அன்றாடம் அமர்ந்தவர்களே அவற்றின் அருமையை அறியாதிருந்தனர். முன்னோர் விட்டுச்சென்ற பொருளைக் கழிக்கும் முன், அதைச் செய்தவர் யார் என்று ஒருமுறை வினவுதல் நன்று.

உடல்நலங் குன்றித் தாயகம் திரும்பிய ஜான்னரே, 1967இல் ஜெனீவாவில் மறைந்தார். அவரது விருப்பத்தின்படியே, 1970இல் அவருடைய அஸ்தி சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. அவர் வாழ்ந்த ஐந்தாம் பிரிவு இல்லம் இன்று அவர் நினைவைப் போற்றும் அருங்காட்சியகமாக விளங்குகிறது.