விஷமம்

விஷமம் என்பது பிறருக்குத் தொல்லையோ தீங்கோ தரும் குறும்புச் செயலைக் குறிக்கும் சொல்லாகும். இச்சொல் வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. கிரந்த எழுத்து நீக்கி விசமம் எனவும் எழுதப்படும்.

சொற்பிறப்பு

நஞ்சைக் குறிக்கும் விஷம் என்ற சொல்லிலிருந்து இது பிறந்ததாகப் பலர் கருதுவதுண்டு. அது சரியன்று. 'வி' என்னும் எதிர்மறை முன்னொட்டும் 'சம' என்னும் சொல்லும் சேர்ந்து 'விஷம' என்றானது. இகரத்தை அடுத்து வரும் ஸகரம் வடமொழியில் ஷகரமாகத் திரியும். எனவே சமமற்றது, ஒழுங்கற்றது, ஒற்றைப்படையானது என்பவையே இதன் மூலப்பொருள்கள்.

மூலப்பொருளில் வழங்கும் இடங்கள்

- முறையின்றி விட்டுவிட்டு வரும் காய்ச்சல் ஆயுர்வேதத்தில் விஷம ஜுரம் எனப்படும்.
- கருநாடக இசையில் பாடலும் தாளமும் ஒன்றாகத் தொடங்காத எடுப்பு விஷம எடுப்பு ஆகும். அதீதம், அனாகதம் என அது இரு வகைப்படும்.
- 3 கண்களை உடைய சிவனும் 5 அம்புகளை உடைய மன்மதனும் வடமொழியில் முறையே விஷமாட்சன், விஷமபாணன் எனப்படுவர்.
- இந்தியில் 'விஷம்' என ஒலிக்கும் இதே சொல் ஒற்றைப்படை எண்ணையும், மலையாளத்தில் விஷமம் துன்பத்தையும் இடர்ப்பாட்டையும் குறிக்கும்.

தமிழ் வழக்கு

தமிழில் இச்சொல்லின் கடுமை அது யாரைச் சுட்டுகிறது என்பதைப் பொறுத்தது. குழந்தையைப் பற்றிக் கூறும்போது பெரும்பாலும் செல்லக் கண்டிப்பே தொனிக்கும். 'விஷமக்காரக் கண்ணன்' என்பது இவ்வகை வழக்கு. பெரியவர்களைப் பற்றிக் கூறும்போது தீய உள்நோக்கம் உண்டென்ற குற்றச்சாட்டு அதில் அடங்கும். விஷமப் பிரசாரம், விஷமத்தனம் ஆகியவை இத்தகையன. உண்மையுடன் பொய்யைக் கலந்து பகைமூட்டும் பேச்சே பொதுவாக விஷமப் பிரசாரம் எனப்படும்.

தீவைப்பு, சிலை உடைப்பு முதலியவற்றைச் செய்த அடையாளம் தெரியாதோரை நாளிதழ்கள் விஷமிகள் என எழுதுவதுண்டு. இலங்கை இதழ்களில் விசமிகள் என்ற வடிவம் மிகுதி. செய்தவர் யாரென அறியப்படாத நிலையிலும் அவரது நோக்கம் தீயது என இச்சொல் முன்கூட்டியே தீர்ப்பளித்துவிடுகிறது. 'அடையாளம் தெரியாதோர்' என்னும் தொடரில் அத்தீர்ப்பு இல்லை.

தொடர்புடைய சொற்கள்

- குறும்பு: இக்கால வழக்கில் பெரும்பாலும் தீங்கற்ற விளையாட்டுச் செயல்.
- சேட்டை: உடலசைவைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது, அடங்காத செயல்.
- சில்மிஷம்: பெரும்பாலும் பெண்களிடம் முறைகேடாக நடத்தல்.