தஞ்சையில் அறுந்த கயிறு

சென்ற மாதம் தம்பியின் பேரனை அழைத்துக்கொண்டு பரங்கிமலைக்குப் போயிருந்தேன். மாதா கோயிலைப் பார்ப்பது அவனுக்கு இரண்டாம் பட்சம். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்களை உயரத்தில் நின்று பார்க்கலாம் என்பதுதான் அவனுடைய ஆசை. ஆர்மீனிய வியாபாரி பெட்ரஸ் உஸ்கான் எந்தக் காலத்திலோ கட்டிக் கொடுத்த படிகளில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு ஏற, அவன் பள்ளிக்கூடத்துப் பொது அறிவுப் போட்டிக்குத் தயார் செய்துகொண்டே வந்தான். அதாவது கேள்விகளை என்மேல் வீசிக்கொண்டே வந்தான்.

"உலகத்திலேயே உயரமான சிகரம் எது தாத்தா?"

"எவரெஸ்ட்."

"அளந்து சொன்னது யார்?"

"எவரெஸ்ட் துரையாக இருக்கும்" என்று சோம்பேறித்தனமாகச் சொன்னேன். தவறான பதில். அந்தத் துரை அதை அளக்கவில்லை. ஆனாலும் பையன் எனக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டான். மேலே போனதும் ஒரு மார்பளவுச் சிலையின் முன்னால் நின்று, "இது யார்?" என்று கேட்டான். அதற்கு எனக்குச் சரியான பதில் தெரியும். வில்லியம் லாம்டன். எவரெஸ்ட் சிகரத்தில் போய் முடிந்த அந்த மாபெரும் அளவு வேலை, நாங்கள் நின்றுகொண்டிருந்த இந்தச் சிறு மலையின் அடிவாரத்தில், 1802-ம் வருஷம் ஏப்ரல் 10-ந் தேதி ஆரம்பமாயிற்று. ஆரம்பித்த மனிதர் இவர்தான்.

லாம்டன் இங்கிலாந்தில் யார்க்ஷயரில் பிறந்தவர். பட்டாளத்தில் சேர்ந்து அமெரிக்காவுக்குப் போனார். யார்க்டவுனில் ஆங்கிலேயர் தோற்றபோது கைதியானார். பிறகு கனடாவில் பட்டாளத்துக் குடியிருப்புகளைப் பராமரிக்கும் உத்தியோகத்தில் பதின்மூன்று வருஷம் கழிந்தது. மற்றவர்கள் அம்மாதிரி இடத்தில் சீட்டாடுவார்கள், குடிப்பார்கள். இவர் கணிதப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பட்டாளத்தோடு இந்தியாவுக்கு வந்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அந்த வயதில் ஒரு மனிதனை உலகம் ஏறக்குறையக் கணக்கு முடித்து வைத்துவிடும்.

1799-ல் திப்பு சுல்தானோடு கடைசிச் சண்டை. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகில் ஓர் இரவு. ஜெனரல் பெயர்ட் தம் படையை வடக்கே நடத்திக்கொண்டு போவதாக நினைத்துக்கொண்டிருந்தார். கூட வந்த லாம்டன் வானத்து நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டு, நாம் தெற்கே போய்க்கொண்டிருக்கிறோம், நேராகத் திப்புவின் முகாமுக்கு, என்று சொன்னார். ஜெனரலுக்கு நம்பிக்கை வரவில்லை. திசை பார்க்கும் கருவியை எடுத்துப் பார்த்தபோதுதான் லாம்டன் சொன்னது சரி என்று தெரிந்தது.

யுத்தம் முடிந்தது. மைசூர் ராஜ்யத்தின் பெரும் பகுதி கும்பினியின் ஆதிக்கத்துக்கு வந்தது. இதுதான் சமயம் என்று லாம்டன் ஒரு திட்டத்தைச் சமர்ப்பித்தார். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை தேசத்தை முக்கோணம் முக்கோணமாக அளந்துவிடுவது என்பது திட்டம். பிற்காலத்தில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லி இவருக்குச் சிபாரிசு செய்தார். சென்னைக் கவர்னரும் சம்மதித்தார். கஜானாவைக் காக்கும் கனவான்களில் ஒருவருக்கு மட்டும் விஷயம் விளங்கவே இல்லையாம். ஒருவனுக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் போகவேண்டுமென்றால் பல்லக்குத் தூக்கியிடம் சொன்னால் போதுமே, வழி அவனுக்குத் தெரியாதா என்று கேட்டாராம். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. வழி கண்டுபிடிக்க இவ்வளவு செலவு அநாவசியந்தான். ஆனால் லாம்டன் தேடியது ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வழி அல்ல. பூமி சரியான உருண்டையா, துருவங்களில் தட்டையா, எவ்வளவு தட்டை என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. சர்க்காரிடம் தேசப்படம் என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, பூமியையே அளக்கப் புறப்பட்டுவிட்டார்!

முறை எளிமையானது. சமதளத்தில் ஒரு நேர்கோட்டை மட்டும் அணு பிசகாமல் அளந்துகொள்ள வேண்டும். அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்துக் குன்று ஒன்றைப் பார்த்துக் கோணங்களை அளந்தால், நாம் பள்ளிக்கூடத்தில் படித்து மறந்த கணிதமே மற்ற இரண்டு பக்கங்களின் நீளத்தையும் சொல்லிவிடும். அந்தப் பக்கத்தை ஆதாரமாக வைத்து இன்னொரு முக்கோணம், அதன்மேல் இன்னொன்று. ஆற்றைக் கடக்க வேண்டாம், காட்டை வெட்டிக்கொண்டு சங்கிலி பிடிக்க வேண்டாம். ஆனால் முதல் கோடு ஒரு சாண் தப்பினால் அந்தத் தப்பு இமயமலை வரை வளர்ந்துகொண்டே போகும்.

அந்த முதல் கோடுதான் பரங்கிமலை அடிவாரத்திலிருந்து, இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்திருக்கும் பெரும்பாக்கத்துப் பக்கம் வரையில் போட்ட ஏழரை மைல் கோடு. அளந்த சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. 100 அடி நீளம், 40 கண்ணிகள், எஃகு. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாக ஆங்கிலத் தூது கோஷ்டி கொண்டுபோன சாமான்களில் ஒன்று. அவர் வேண்டாம் என்று விட, கை மாறி லாம்டனிடம் வந்து சேர்ந்தது. ஏப்ரல், மே மாதத்து வெயில். எஃகு வெயிலில் நீளும். ஒரே ஒரு டிகிரி பாரன்ஹீட் தப்பாகக் கணக்கிட்டால் ஏழரை மைலில் மூன்று அங்குலம் போய்விடும். ஆகவே சங்கிலியை முக்காலிகளின் மேல் நிறுத்திய நீளமான மரப் பெட்டிகளில் கிடத்தி, உஷ்ணமானிகளை வைத்துப் பார்த்துப் பார்த்து, நூறு நூறு அடியாக நகர்த்தினார்கள். இப்படி நானூறு தடவை! மே மாதக் கடைசி வாரம் நெருங்கும்போதுதான் கோடு முடிந்தது.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு முக்கோணங்கள் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே சரிபார்ப்பதற்காக ஏழு மைலுக்கு மேல் இன்னொரு கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார்கள். பரங்கிமலையிலிருந்து கணக்குப் போட்டு வந்த நீளத்துக்கும், நேரில் அளந்த நீளத்துக்கும் வித்தியாசம் 3.7 அங்குலம். என் சுண்டு விரலைவிடக் கொஞ்சம் அதிகம். மேலும் இரண்டு வருஷங்களில் வேலை மேற்குக் கடற்கரையைத் தொட்டபோது, தீபகற்பத்தின் அகலம் 400 மைல் அல்ல, 360 மைல்தான் என்று தெரியவந்தது. பழைய படங்களில் இருந்த நாற்பது மைல் தேசம் மாயமாய் மறைந்துபோயிற்று!

கோணத்தை அளக்கும் கருவிக்குத் தியோடலைட் என்று பெயர். சாலையோரத்தில் சர்வேக்காரர்கள் முக்காலியில் வைத்துக்கொண்டு நிற்கிறார்களே, அதன் முப்பாட்டன். லாம்டனுடையது அரை டன் எடை. அதன் வட்டத்தின் குறுக்களவு மட்டும் மூன்று அடி. லண்டனில் செய்து அனுப்பினார்கள். வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து, மொரீஷியஸ் தீவில் கருவியை இறக்கிவிட்டார்கள். இன்னதற்கான கருவி இது என்று தெரிந்ததும், அந்தத் தீவின் பிரெஞ்சு கவர்னர், சத்துரு நாட்டுச் சொத்து என்று பாராமல், மரியாதையாக ஒரு கடிதமும் எழுதிச் சென்னைக்கே அனுப்பி வைத்தார். யுத்தத்திலும் சில நாகரிகங்கள் இருந்த காலம்.

மலைநாட்டில் இந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு குன்று குன்றாக ஏறினார்கள். காவிரிப் பாசனப் பிரதேசத்துக்கு வந்ததும் சிக்கல். சோழ நாட்டில் குன்றுக்கு எங்கே போவது? தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. நம் முன்னோர்கள் கட்டி வைத்த கோயில்களின் உயரமே கைகொடுத்தது.

1808-ம் வருஷம் தஞ்சாவூருக்கு வந்தார்கள். பெரிய கோயிலின் உச்சிக்குக் கருவியை ஏற்ற ஏற்பாடாயிற்று. எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் ராஜராஜ சோழனின் ஆட்கள் எவ்வளவோ கல்லை ஏற்றிய அதே உயரம். பெட்டியில் வைத்துக் கட்டி, மேலே இழுக்க ஒரு கயிறு, பெட்டி சுவரில் மோதாமல் விலக்கிப் பிடிக்க இன்னொரு கயிறு. கீழே ஆட்கள் இழுக்கிறார்கள். பெட்டி அந்தரத்தில் ஏறுகிறது. விலக்கிப் பிடித்த கயிறு அறுந்தது. ஊஞ்சல் பலகை போல வீசிப்போய், அரை டன் பெட்டி கருங்கல் சுவரில் மோதிற்று.

பெட்டியைத் திறந்து பார்த்தபோது, கோணக் கோடுகள் செதுக்கிய அந்த வட்டம் கோணிப் போயிருந்தது. மயிரிழை பிசகக்கூடாத வட்டம். இன்னொன்று வேண்டுமென்றால் லண்டனுக்கு எழுதி, செய்து, கப்பல் ஏற்றி, அந்தக் கப்பல் பிடிபடாமல் வந்து சேரவேண்டும். மனிதருக்கோ ஐம்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் அன்று மாலை சர்க்காருக்கு ஒரு வருத்தக் கடிதம் எழுதிவிட்டு ஊருக்குப் போயிருப்பார்கள். லாம்டன் ஒரு கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தார். தலைமைத் தொழிலாளிகளைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை. கருவியை ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார். கோணிய வட்டத்தை ஆப்பு, திருகாணி, கப்பி இவற்றைக் கொண்டு கொஞ்சங் கொஞ்சமாக இழுத்து, வளைத்து, பழைய வடிவத்துக்குக் கொண்டு வந்தார். ஆறு வாரங்கள்! நாவல் எழுதுகிறவன் நான்; எத்தனையோ கதாபாத்திரங்களை எத்தனையோ சங்கடங்களில் மாட்டிவைத்து மீட்டிருக்கிறேன். இந்த ஆறு வாரத்தை எழுதச் சொன்னால் எனக்குக் கை ஓடாது. கூடாரத்துக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு கிழவர் ஒரு பித்தளை வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆறு வாரம் கழித்து வெளியே வந்து, அதே கருவியை வைத்து வேலையைத் தொடர்ந்தார். அடுத்த வருஷம் கன்னியாகுமரிக்கு அருகில் புன்னையில் தென்கோடி முக்கோணம் முடிந்தது.

ஊர் ஜனங்கள் இந்த அளவைப் பற்றி என்ன நினைத்தார்கள்? வெள்ளைக்காரன் உயரத்தில் ஏறிக் கண்ணாடி வழியாக நம் வீட்டுப் பெண்களைப் பார்க்கிறான் என்ற சந்தேகம் பல இடங்களில் இருந்தது. அந்தக் கண்ணாடியில் உருவங்கள் தலைகீழாகத் தெரியும் என்ற செய்தி பரவிய பிறகு கேட்கவே வேண்டாம். நான் அவர்களைப் பார்த்துச் சிரிக்கமாட்டேன். நாட்டை அளக்கிறவன் வரி போடத்தான் அளக்கிறான் என்பதை எந்தக் குடியானவனுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அளந்தவர்கள் எல்லோரும் துரைகளும் அல்லர். லாம்டனின் வலக்கையாக இருந்த ஜாஷுவா டி பென்னிங், சென்னையில் அநாதைப் பையன்களுக்குச் சர்வே கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர். கொடி பிடித்தவர்களும் பெட்டி சுமந்தவர்களும் காட்டு ஜுரத்தில் விழுந்தார்கள். 1819-ல் ஹைதராபாத் பிரதேசத்தில் எல்லாபுரம் காட்டில், ஒரு முகாமே படுத்துவிட்டது. ஊர் திரும்புவதற்குள் பதினைந்து பேர் இறந்தார்கள். அந்த முகாமின் தலைவர் லாம்டனுக்குப் புதிதாக வந்த உதவியாளர். அவரும் ஜுரத்தில் விழுந்து பிழைத்தார். அவர் பெயர்தான் ஜார்ஜ் எவரெஸ்ட்.

லாம்டன் 1,65,000 சதுர மைலுக்கு மேல் முக்கோணங்களால் மூடிவிட்டு, எழுபது வயதை ஒட்டி, ஹைதராபாத்திலிருந்து நாகபுரிக்குப் போகும் வழியில் ஹிங்கன்காட் என்ற ஊரில் 1823-ம் வருஷம் ஜனவரி 20-ந் தேதி கண்ணை மூடினார். அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

எவரெஸ்ட் அந்த வேலையை டேராடூன் வரை கொண்டுபோனார். நல்ல திறமைசாலி, பொல்லாத கோபக்காரர். கருவிகளைச் சீர் செய்ய ஆர்க்காட்டைச் சேர்ந்த மீர் மொஹ்சின் ஹுசேனையும், கணக்குப் போட ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி வாலிபரையும் கண்டெடுத்துச் சேர்த்த பெருமை அவருக்கு உண்டு. 1831-ல் வேலைக்கு வந்தபோது ராதாநாத்துக்கு வயது பதினெட்டுதான். எவரெஸ்ட் 1843-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு, நூறு மைலுக்கு அப்பால் சமவெளியில் நின்றுகொண்டு, '15-ம் நம்பர் சிகரம்' என்று பெயரிட்ட ஒரு பனிமலையின் கோணங்களை எடுத்தார்கள். கணக்குப் போட்டது ராதாநாத் தலைமையில் இருந்த பிரிவு. உலகிலேயே உயர்ந்த மலை அது என்று விடை வந்ததும் அவர் மேலதிகாரியின் அறைக்குள் ஓடினார் என்று ஒரு கதை சொல்வார்கள். நம்பத்தான் ஆசை. ஆனால் கணக்குப் போடுகிறவர்கள் ஓடமாட்டார்கள்; மறுபடி ஒரு தடவை கூட்டிப் பார்ப்பார்கள். 1856-ல் வெளியிட்ட உயரம் 29,002 அடி. 2020-ல் செயற்கைக் கோள்களின் உதவியோடு நேபாளமும் சீனாவும் அறிவித்தது சுமார் 29,032 அடி. முப்பது அடிதான் வித்தியாசம்.

மலைக்குப் பழைய அதிகாரியின் பெயரை வைக்கத் தீர்மானித்தபோது, எவரெஸ்டே ஆட்சேபித்தார். தம் பெயரை அந்த நாட்டு ஜனங்கள் எழுதவோ உச்சரிக்கவோ முடியாது என்றார். அவர் தம்மை 'ஈவ்ரெஸ்ட்' என்றுதான் சொல்லிக்கொண்டார். இப்போது உலகமே தப்பாக உச்சரிக்கிறது, வெள்ளைக்காரர்கள் உள்பட.

ராதாநாத் 1870-ல் காலமானார். சர்வே இலாகாவின் கையேட்டில், கணித சம்பந்தமான பகுதிகளுக்கு அவருக்கு நன்றி சொல்லி முன்னுரையில் எழுதியிருந்தார்கள். 1875-ல் வந்த பதிப்பில் அந்த நன்றியைக் காணோம், பகுதிகள் மட்டும் அப்படியே இருந்தன. இறந்தவனிடம் திருடுவது இது என்ற கருத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையே எழுதிக் கண்டித்தது.

இவ்வளவையும் நான் சொல்லி முடிப்பதற்குள் நான்கு விமானங்கள் இறங்கிவிட்டன. பையன் நான் முதலில் சொன்ன பதிலுக்குக் கொடுத்த மதிப்பெண்ணைத் திரும்ப எடுத்துக்கொண்டான். இறங்கும்போது படிகளை எண்ண ஆரம்பித்தான். பாதியில் எண்ணிக்கை தவறிவிட்டது. என்னைக் கீழே நிற்கச் சொல்லிவிட்டு, மறுபடி மேலே ஏறிப் போய், முதல் படியிலிருந்து எண்ணத் தொடங்கினான்.